பாடத்தில் பின்தங்கும் பிள்ளையும் பெற்றோரின் கடமையும்



பிள்ளைச் செல்வம் அல்லாஹ் தஆலா நமக்கு அளித்த அருட்கொடை. அதே வேளையில் அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமும் ஆகும். அமானிதத்தைப் பெற்றவன் அதைப் பூட்டி வைத்தால் மட்டும் போதாது. அது பழுதுபடும்போது கவனிக்கவும் வேண்டும். "உண்ணக் கொடுத்தோம், உடுக்கக் கொடுத்தோம், பள்ளிக்கூடத்துக்குப் பணமும் கட்டினோம். இனிப் படிப்பது அவன் பாடு" என்று ஒதுங்கிக் கொள்ளும் பெற்றோர் நம்மில் பலர் உண்டு. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஆனால் கடினமான ஒரு வகுப்பில் அகப்பட்டுத் திணறும் பிள்ளைக்கு அது போதாது. அத்தகைய பிள்ளைக்கு வீட்டார் எவ்வாறு துணை நிற்பது என்பதே இம்மாதப் பாடம்.

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு செல்லும் மின்ரயில் பாதையில் உள்ள ஊர் பொத்தேரி. காலை வேளையில் அந்நிலையத்தில் நின்று பார்த்தால், பையைத் தோளில் மாட்டிய மாணவர்கள் கூட்டங்கூட்டமாக இறங்குவதைக் காணலாம். 1985-இல் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிய எஸ்.ஆர்.எம். இன்று பெரும் பல்கலைக்கழகமாக அங்கே நிற்கிறது. அதே பாதையில் வண்டலூரில் 1984-இல் தொடங்கப்பட்ட கிரசெண்ட் பொறியியற் கல்லூரியும் இன்று பல்கலைக்கழகமாகிவிட்டது. இன்னும் சற்று வடக்கே குரோம்பேட்டையில், 1949-இல் நிறுவப்பட்ட எம்.ஐ.டி. எனும் சென்னைத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. உயர்கல்வி இவ்வளவு அருகில் இருக்கிறது. ஆனால் அதே ஊரின் ஒரு தெருவில், ஒரு வீட்டில், பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் விளங்காமல், யாரிடம் கேட்பது என்றும் தெரியாமல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்குச் சன்னலுக்கு வெளியே தெரியும் கல்லூரிக் கட்டடம் வெகு தொலைவில் இருக்கிறது. அந்தத் தொலைவைக் குறைப்பதில் பெற்றோருக்குப் பெரும் பங்கு உண்டு.

பதினோராம் வகுப்பு ஏன் கடினமாகிறது?

நோயின் மூலம் தெரியாமல் மருந்து கொடுக்கலாகாது. ஆகவே இந்த வகுப்பின் வரலாற்றைப் பெற்றோர் சற்று அறிந்துகொள்வது நலம்.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல் வந்தது. அதுமுதல் பல்லாண்டுகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டுமே அரசுப் பொதுத்தேர்வு இருந்தது. இதனால் பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடங்களை மேலோட்டமாகத் தள்ளிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனப்பாடம் செய்வித்தன. மதிப்பெண் குவிந்தது, அடிப்படையோ ஆட்டங்கண்டது. அந்தப் பிள்ளைகள் கல்லூரியில் முதலாண்டுக் கணிதத்திலேயே தடுமாறினர். இதைச் சீர்செய்யவே 2017-இல் அரசு ஆணை பிறப்பித்து, 2018 மார்ச்சு முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு நடத்தியது. 2018-இல் பாடநூல்களும் புதிதாக எழுதப்பட்டன. 2025-ஆம் ஆண்டுத் தேர்வில் 92.09 சதவீதத்தினர் தேறினர். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பிள்ளைகள் தேறவில்லை. அத்துடன் அப்பொதுத்தேர்வு முடிவுக்கு வந்தது. மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025-26 கல்வியாண்டு முதல் அது நீக்கப்பட்டது.

பொதுத்தேர்வு நீங்கியதால் பிள்ளையின் அச்சம் ஒரு பங்கு குறைந்தது; பெற்றோரின் பொறுப்போ ஒரு பங்கு கூடிற்று. முன்பு மே மாதத்தில் தேர்வு முடிவு வந்து, பிள்ளை எங்கே நிற்கிறான் என்று காட்டிக் கொடுத்துவிடும். இனி அந்தக் கண்ணாடி இல்லை. பதினோராம் வகுப்பில் விளங்காமல் விட்டது பன்னிரண்டாம் வகுப்பில்தான் வெளிப்படும். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்விலோ இரண்டு வகுப்புகளின் பாடங்களும் கேட்கப்படுகின்றன. எனவே வெளியிலிருந்து தேர்வு வந்து சொல்லட்டும் என்று காத்திராமல், வீட்டிலேயே நாம் கவனித்து அறிய வேண்டியவர்களாகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. பத்தாம் வகுப்பு வரை ஒரு பாடத்தில் சொன்னது பெரும்பாலும் அந்தப் பாடத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பதினோராம் வகுப்பில் ஒரு பாடம் மற்றொரு பாடத்தின் தோளில் ஏறி நிற்கிறது. 2018-இல் வெளியான நூல்களையே எடுத்துக் கொள்ளுங்கள். இயற்பியல் முதல் தொகுதியில், இயக்கத்தைப் பற்றிய இரண்டாவது அலகிலேயே வெக்டரும் வகையிடலும் தேவைப்படுகின்றன. கணித நூலிலோ அவை இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. கருவி கைக்கு வருமுன்னே வேலை வந்துவிடுகிறது! தன் மூளையில்தான் கோளாறு என்று பிள்ளை எண்ணி மனமொடிகிறான். பாடத்தின் அமைப்பு அப்படி என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவன் நெஞ்சிலிருந்து பாதிப் பாரம் இறங்கிவிடும். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, ஆங்கில வழியில் சேர்ந்த பிள்ளைக்கோ இது இரட்டைச் சுமை.

மூஸா நபியின் வேண்டுதலில் ஒரு பாடம்

ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு அல்லாஹ் கட்டளையிட்டபோது, கடினமான அந்தப் பணிக்கு முன் மூஸா (அலை) அவர்கள் கேட்டவை யாவை என்பதைத் திருமறையின் தாஹா அத்தியாயம் நமக்குக் கூறுகிறது. தம் உள்ளத்தை விரிவாக்கித் தருமாறும், காரியத்தை எளிதாக்குமாறும், தம் நாவிலுள்ள முடிச்சை அவிழ்க்குமாறும் வேண்டினார்கள். அத்துடன் நில்லாமல், தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தருமாறும் வேண்டினார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். இறைத்தூதரே தமக்கு ஒரு முடிச்சு இருப்பதை மறைக்கவில்லை. துணை கேட்க வெட்கப்படவுமில்லை. பாடத்தில் திணறும் பிள்ளைக்குத் தேவையானவையும் இவைதாம். இறுகிய நெஞ்சு விரிய வேண்டும். முடிச்சு எங்கே என்று கண்டு அவிழ்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு துணை இருக்க வேண்டும். இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

முதலாவது: நெஞ்சம் விரிய நாவைக் காத்தல்

மதிப்பெண் பட்டியல் வீட்டுக்கு வரும் நாளில் நம் வீடுகளில் கேட்கும் சொற்களை நினைத்துப் பாருங்கள். "உனக்கு எங்கே படிப்பு ஏறப்போகிறது?" "பெரியம்மா மகனைப் பார், நீயும் இருக்கிறாயே!" "பேசாமல் கடையில் போய் நில்!" இச்சொற்கள் ஒரு கணக்கையும் விளங்க வைத்ததில்லை. இவற்றால் பிள்ளை அடுத்த முறை பட்டியலை மறைக்கக் கற்றுக்கொள்கிறான். பெற்றோரின் கையெழுத்தைத் தானே போடவும் துணிகிறான். அறியாமை ஒன்றுதான் இருந்தது. இப்போது பொய்யும் அதனுடன் சேர்ந்துவிட்டது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தவறு செய்தவரை எவ்வாறு திருத்தினார்கள்? முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) எனும் தோழர் இஸ்லாத்திற்குப் புதியவர். ஜமாஅத்தாகத் தொழும்போது ஒருவர் தும்ம, இவர் தொழுகையிலேயே அவருக்குப் பதில் வாழ்த்துச் சொல்லிவிட்டார். மக்கள் அவரை முறைத்தனர்; தொடையில் தட்டி அடக்கினர். தொழுகை முடிந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அதட்டவில்லை, அடிக்கவில்லை, ஏசவுமில்லை. தொழுகையில் மனிதப் பேச்சுக்கு இடமில்லை, அது தஸ்பீஹும் தக்பீரும் குர்ஆன் ஓதுதலுமே ஆகும் என்று சரியானதை எடுத்துச் சொன்னார்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரை அதற்கு முன்னும் பின்னும் தாம் கண்டதில்லை என்று அத்தோழர் பிற்காலத்தில் கூறினார். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி. முறைத்தவர்கள் அந்தப் பள்ளியில் பலர் இருந்தார்கள். கற்றுக்கொடுத்தவரோ ஒருவரே. நம் பிள்ளை தவறும்போது நாம் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம்?

அனஸ் (ரலி) அவர்கள் ஏறத்தாழப் பத்து வயதில் நாயகம் (ஸல்) அவர்களின் பணிக்கு வந்து, பத்தாண்டுகள் உடனிருந்தார்கள். அதாவது நாம் இன்று "சொன்ன பேச்சுக் கேட்காத வயது" என்று சலித்துக் கொள்ளும் அந்தப் பருவம் முழுவதையும் அவர்கள் அந்த இல்லத்தில் கழித்தார்கள். அத்தனை ஆண்டுகளிலும் தம்மை நோக்கி ஒரு முறையும் "சீ" என்று சொன்னதில்லை என்றும், செய்ததற்கு ஏன் செய்தாய் என்றோ செய்யாததற்கு ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்றும் அவர்கள் அறிவித்துள்ளார்கள். பிற்காலத்தில் ஹதீஸ்களை மிக அதிகமாக அறிவித்த நபித்தோழர்களுள் ஒருவராக அவர்கள் திகழ்ந்தார்கள். கனிவில் வளர்ந்த பிள்ளை கற்காமல் போய்விடவில்லை!

இரண்டாவது: முடிச்சு எங்கே என்று காணுதல்

"இயற்பியல் வரவில்லை" என்று பிள்ளை சொன்னால், அது நோயின் பெயரன்று; வலியின் கூப்பாடு. "வயிறு வலிக்கிறது" என்பவனிடம் மருத்துவர் எங்கே, எப்போது என்று கேட்பதுபோல் நாமும் கேட்க வேண்டும். எந்தப் பாடம்? எந்தக் கணக்கு? எந்த வரி வரை விளங்கியது? எந்த வரியில் நின்றுவிட்டது?

ஓர் உதாரணம் காண்போம். ஒரு வண்டி வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. 3 வினாடிகளில் அதன் வேகம் 20 மீட்டராயிற்று. முடுக்கம் என்ன? இறுதி வேகம் என்பது தொடக்க வேகத்துடன் முடுக்கத்தையும் நேரத்தையும் பெருக்கிக் கூட்டியது என்ற விதியைப் பிள்ளை சரியாகச் சொல்கிறான். 20 என்பது 5 கூட்டல் மூன்று முடுக்கம் என்றும் எழுதிவிடுகிறான். அதன்பின் கை நின்றுவிடுகிறது. இப்போது தெரிகிறதல்லவா? இயற்பியல் அவனுக்கு வந்துவிட்டது. சமன்பாட்டில் ஒரு பக்கத்திலுள்ளதை நீக்கும் முறைதான் வரவில்லை. அது எட்டாம் வகுப்புப் பாடம். பதினோராம் வகுப்பு இயற்பியலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து டியூஷன் வைத்தாலும் இந்த முடிச்சு அவிழாது. எட்டாம் வகுப்புக் கணித நூலைத் திறந்து, ஒரு வாரம் உட்கார்ந்தால் அவிழ்ந்துவிடும்.

இந்த முறையை உலகுக்கு ஒழுங்குபடுத்தித் தந்தவர் யார் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். கலீஃபா மாமூன் காலத்தில், ஏறத்தாழ 820-ஆம் ஆண்டில், பக்தாதில் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ எழுதிய நூலின் பெயரிலுள்ள "அல்ஜப்ர்" என்ற சொல்லே "அல்ஜீப்ரா" ஆயிற்று. வாரிசுப் பங்கீடு, வாணிபம், நில அளவை போன்றவற்றில் மக்களுக்கு உதவவே அவர் அதை எழுதினார். அந்நூலில் எக்ஸ், ஒய் எதுவுமில்லை, எல்லாம் சொற்களே! தெரியாத எண்ணை அவர் "பொருள்" என்று பொருள்படும் "ஷைஃ" என்ற சொல்லால் குறித்தார்.

நாமும் அப்படியே தொடங்கலாம். எக்ஸைக் கண்டு மிரளும் பிள்ளையிடம் இப்படிக் கேளுங்கள்: ஒருவர் தம் பொருளில் நூற்றுக்கு இரண்டரை வீதம் ஸகாத்தாக 2,000 ரூபாய் கொடுத்தார், அவருடைய பொருள் எவ்வளவு? இரண்டரை என்பது நூறில் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே 2,000-ஐ 40-ஆல் பெருக்கினால் 80,000 ரூபாய். இன்னொன்று: இறந்துபோன ஒருவருக்கு ஒரு மகனும் இரண்டு மகள்களும் மட்டுமே வாரிசுகள். கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின் மீதி 1,20,000 ரூபாய். மகளின் பங்கை "ஒரு பொருள்" என்று வைத்தால், மகனின் பங்கு இரண்டு பொருள். ஆக மொத்தம் நான்கு பொருள். ஒரு பொருள் 30,000 ரூபாய். மகனுக்கு 60,000, மகள் ஒவ்வொருவருக்கும் 30,000. பிறகு அந்தப் "பொருள்" இருந்த இடத்தில் எக்ஸ் என்று எழுதச் சொல்லுங்கள். அச்சம் நீங்கிவிடும்.

முடிச்சைக் காண மூன்று வழிகள் உண்டு. முதலாவது, திருத்தப்பட்ட விடைத்தாளைக் கேட்டு வாங்கி, மதிப்பெண்ணை விட்டுவிட்டுப் பிழைகளை மட்டும் பாருங்கள். விளங்காத பிழை, மறந்த பிழை, அவசரப் பிழை என்று மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். அவசரப் பிழைக்கு நிதானமும், மறந்த பிழைக்கு மீண்டும் ஓதுதலும் மருந்து. விளங்காத பிழைக்கு மட்டுமே ஆசிரியர் தேவை. இரண்டாவது, பாடத்தை உங்களுக்கு எடுத்துச் சொல்லும்படி கேளுங்கள். எங்கே தடுமாறுகிறானோ அங்கே முடிச்சு. மூன்றாவது, ஒவ்வொரு வகுப்பாகக் கீழே இறங்கிப் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எல்லாப் பாடநூல்களும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அரசு இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கில வழியில் திணறும் பிள்ளைக்குத் தமிழ் நூலையும் பக்கத்தில் வைத்துப் படிக்கக் கொடுத்தால், சொல்லில் சிக்கிய பொருள் வெளிவரும்.

கீழ்வகுப்பு நூலைத் திறப்பது இழிவு என்று பிள்ளை கூசினால், திருக்குர்ஆனே ஒரே நாளில் இறக்கப்படாமல் 23 ஆண்டுகளில் சிறிது சிறிதாக இறக்கப்பட்டதை நினைவூட்டுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு செய்தியைச் சொன்னால், விளங்கும்பொருட்டு மூன்று முறை திரும்பச் சொல்வார்கள் என்று புகாரி ஷரீஃபில் வருகிறது. ஒரே தடவையில் விளங்காதது குற்றமென்றால், அப்பெருமானார் ஏன் மூன்று முறை சொன்னார்கள்?

மூன்றாவது: துணை நிற்றல்

"நானே ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிளஸ் ஒன் பாடத்தில் எனக்கென்ன தெரியும்?" என்று தாய்மார்கள் கேட்கலாம். உம்மாமார்களே, உங்களுக்குக் கணிதம் தெரிய வேண்டியதில்லை. அவன் படிக்கும் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அதே அறையில் உங்கள் தையலையோ, கீரையையோ, குர்ஆனையோ வைத்துக்கொண்டு உட்காருங்கள். "இன்றைக்கு எது விளங்கியது? எது விளங்கவில்லை?" என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். விளங்காததை ஒரு தாளில் எழுதச் சொல்லி, மறுநாள் ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். அதுவே பெரிய துணை.

சவூதியிலோ துபாயிலோ உழைக்கும் வாப்பாமார்களுக்கும் ஒரு சொல். வெள்ளிக்கிழமை போன் பேசும்போது, "மார்க் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தாயாரிடம் போனைக் கொடுக்கச் சொல்லாதீர்கள். ஐந்து நிமிடம் அவன் பாடத்தைப் பற்றி அவன் வாயால் கேளுங்கள். அனுப்பும் பணம் கட்டணத்தைத் தீர்க்கும். தனிமையைத் தீர்ப்பது உங்கள் குரல்தான்.

பள்ளி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். சண்டைக்குப் போவதுபோலவோ, முறையிடப் போவதுபோலவோ போகவேண்டாம். "என் மகன் இந்தப் பாடத்தில் இந்த இடத்தில் நிற்கிறான். நாங்கள் வீட்டில் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கும் பெற்றோரை ஆசிரியர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

மஹல்லாவுக்கும் இதில் கடமை உண்டு. ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு பத்ருப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில், மீட்புப் பணம் கொடுக்க இயலாத, எழுதத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை பெறலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். நேற்றுவரை வாளேந்தி நின்றவரையே ஆசிரியராக்கினார்கள் என்றால், கல்வியை யாரிடமிருந்தும் பெறலாம் என்பது தெளிவு. பொத்தேரியைச் சுற்றிப் பொறியியல் பயிலும் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஜும்ஆவுக்கு நம் பள்ளிவாசல்களுக்கு வருகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள், அஸருக்குப் பின் ஒரு மணி நேரம், மஹல்லாப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித்தர இருவர் மூவரை ஜமாஅத்தார் கேட்டுக்கொண்டால் மறுக்கவா போகிறார்கள்? ஓதுபலகை இருக்கும் இடத்தில் ஒரு கரும்பலகைக்கும் இடமிருக்கும்.

கண்டிப்பு வேண்டாமா?

"கண்டிக்காமல் பிள்ளை உருப்படுமா?" என்ற கேள்வி எழலாம். வேண்டும்தான். ஆனால் எது கண்டிப்பு என்பதை, நம் சமுதாயத்தில் பிறந்து நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் வாழ்விலிருந்து அறியலாம்.

1950-களின் நடுவில் அவர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர இடம் கிடைத்தபோது, ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. வீட்டில் இல்லை. அவருடைய சகோதரி ஸொஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அங்கே விமான வடிவமைப்பு வேலை ஒன்று அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வேலையின் முன்னேற்றத்தைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசன், மிக மோசம் என்று கூறிவிட்டார். ஒரு மாத அவகாசம் கேட்ட கலாமிடம், மூன்று நாள் தருவதாகவும், திங்கட்கிழமைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றும் கூறினார். கலாம் இரவுணவையும் விட்டு, வரைபலகையை விட்டு அகலாமல் உழைத்தார். ஞாயிறன்று அந்தப் பேராசிரியரே நேரில் வந்து பார்த்தார். வேலை முடிவதைக் கண்டு மகிழ்ந்து, அவரைக் கட்டித்தழுவிப் பாராட்டினார். இவை கலாம் அவர்கள் தம் வாழ்க்கை வரலாற்றில் சொன்னவை.

இதைச் சிலர் "பார்த்தீர்களா, மிரட்டினால்தான் வேலை நடக்கும்" என்பதற்குச் சான்றாகக் காட்டுவர். கூர்ந்து பாருங்கள். அவர் கொடுத்தது திட்டமான ஒரு வேலை, திட்டமான ஒரு நாள். அந்த வேலையைச் செய்யும் அறிவு மாணவரிடம் இருந்தது. ஓய்வு நாளிலும் ஆசிரியர் வந்து பார்த்தார். முடிந்ததும் மனம் திறந்து பாராட்டினார். வேலையைத்தான் குறை சொன்னாரேயன்றி, மாணவரை உதவாக்கரை என்று தள்ளவில்லை. "ஒழுங்காகப் படி" என்று நாள் முழுதும் கத்துவது கண்டிப்பாகாது. "இந்தப் பயிற்சியில் பத்துக் கணக்கு, வியாழன் மாலைக்குள், நான் வந்து பார்ப்பேன்" என்பதே கண்டிப்பு. சொன்னபடி வியாழன் மாலை வந்து பார்க்கவும் வேண்டும்.

கலாமின் சிறுபருவத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. இராமேசுவரத்தில் விடியுமுன் எழுந்து, குளித்து, கணித ஆசிரியரின் வீட்டுக்குச் செல்வார். திரும்பியதும் தந்தையார் ஜைனுல் ஆபிதீன் அவரைத் தொழுகைக்கும் ஓதவும் அழைத்துச் செல்வார். ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தபோது, அவர் மனத்தில் நம்பிக்கையை ஊட்டியவர் ஐயாதுரை சாலமன் எனும் ஆசிரியர். நல்லாசிரியர் எச்சமயத்தவராயினும் அவரை நாடிச் சென்று பயனடைய வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

காலமும் உறக்கமும்

நாயகம் (ஸல்) அவர்கள் தம் உம்மத்தின் அதிகாலைப் பொழுதுக்குப் பரக்கத்தை வேண்டி துஆச் செய்துள்ளார்கள். இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் விழித்திருப்பதை அவர்கள் விரும்பவில்லை. இவ்விரண்டையும் வீட்டில் நடைமுறைப்படுத்தினாலே படிப்பு பாதி சீராகும். இஷாவுக்குப் பின் கைப்பேசிகள் யாவும், பெற்றோருடையவை உட்பட, கூடத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும். பிள்ளை நேரத்தோடு உறங்கட்டும். ஸுப்ஹுத் தொழுதபின் முக்கால் மணி நேரம், கடினமான பாடத்தையே முதலில் எடுக்கட்டும். நள்ளிரவு வரை கண்ணைக் கசக்கிக்கொண்டு படிக்கும் இரண்டு மணியைவிட அந்த முக்கால் மணி மேலானது.

தவறிவிட்டால்?

இத்தனைக்குப் பின்னும் ஒரு பிள்ளை தேர்வில் தவறலாம். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தவறியவர்களுக்கு முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு நடத்தப்படுகிறது. அதே ஆண்டில் மேற்படிப்பிலும் சேரலாம். எடுத்த பிரிவு ஒத்துவரவில்லை என்று தொடக்கத்திலேயே தெரிந்தால், தலைமையாசிரியரிடம் பேசிப் பிரிவை மாற்றிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புத் தகுதியில் மூன்றாண்டுப் பாலிடெக்னிக் படிப்பும், ஐ.டி.ஐ. தொழிற்பயிற்சியும் இருக்கின்றன. கலாம் அவர்களே திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து முடிக்கும் வேளையில்தான் அது தமக்குரிய துறையன்று என்று உணர்ந்து பொறியியலுக்கு மாறினார். பாதை மாறுவது தோல்வியாகாது.

பெண்பிள்ளை தவறினால் நம்மில் சிலர், "போதும் படித்தது, மாப்பிள்ளை பார்ப்போம்" என்று முடிவெடுத்து விடுகிறார்கள். ஆண்பிள்ளைக்கு மறுதேர்வு, பெண்பிள்ளைக்குத் திருமணப் பந்தலா? பதினெட்டு வயதுக்கு முன் மணமுடிப்பது சட்டப்படியும் குற்றம். ஒரு பாடத்தில் இழந்த சில மதிப்பெண்களுக்காக ஒரு பெண்ணின் கல்வி முழுவதையும் நிறுத்துவது எந்தத் தராசில் நியாயமாகும்?

இன்னும் ஒன்று, மிக முக்கியமானது. பிள்ளை திடீரென்று உண்ணாமல் உறங்காமல், யாருடனும் பேசாமல், வாழ்வே வேண்டாமென்பதுபோல் ஏதும் சொன்னால், அதை நடிப்பென்று தள்ளிவிடாதீர்கள். தனியே விடாமல் உடனிருங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளிக் கல்வி பற்றிய வழிகாட்டலுக்குத் தமிழ்நாட்டில் 14417 என்ற எண் உண்டு. மதிப்பெண்ணைத் திரும்பப் பெறலாம். பிள்ளையைத் திரும்பப் பெற முடியாது.

வீட்டில் செய்து பார்க்க

1. இவ்வாரம் ஒரு நாள் மாலையில், பிள்ளையின் கடைசி விடைத்தாளை எடுத்து, ஏசாமல், பிழைகளை மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள்.

2. விளங்காத பிழை எந்த வகுப்பின் பாடத்திலிருந்து வருகிறது என்று கண்டு, அந்த வகுப்பு நூலிலிருந்து ஏழு நாள் பயிற்சி கொடுங்கள்.

3. நாள்தோறும் ஒரு மணி நேரம் வீட்டார் ஒருவர் உடன் உட்காருங்கள்.

4. இம்மாதத்துக்குள் ஆசிரியரை ஒரு முறை நேரில் காணுங்கள்.

5. ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் பிள்ளையின் பெயரைச் சொல்லி துஆச் செய்யுங்கள். அவன் காதில் விழும்படிச் சில வேளைகளில் செய்யுங்கள். தன்னைத் தாயும் தந்தையும் கைவிடவில்லை என்பதை அவன் அறியட்டும்.

முயற்சி நம் கடமை; பலன் அல்லாஹ்வின் கையில். மூஸா (அலை) அவர்களின் முடிச்சை அவிழ்த்து, துணையும் தந்த வல்ல நாயன், நம் பிள்ளைகளின் உள்ளங்களை விரிவாக்கி, கடினமானதை எளிதாக்கி, பயனுள்ள கல்வியை அவர்களுக்கு வழங்குவானாக! அவர்களுக்கு நல்ல துணையாக நிற்கும் பொறுமையை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.